காலையில் பள்ளிக்கூடம், மாலையில் ஸ்டேடியம்!
ஒரு மைதானத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

மாலை நாலு மணி. பள்ளிக்கூட மணி அடிக்கிறது. பிள்ளைகள் புத்தகப் பையுடன் வெளியே ஓடி வருகிறார்கள். அதே வாசல் வழியாக, காலில் பூட்ஸும் கையில் பந்துமாக இளைஞர்கள் உள்ளே போகிறார்கள்.

நாஞ்சில் நாட்டில் இது புதுக் காட்சி அல்ல. காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று பிரார்த்தனை பாடும் இடம் அது. மாலையில் அதுவே ஊரின் கால்பந்து ஸ்டேடியம்!

ஒரே இடம். அதற்கு இரண்டு சொந்தக்காரர்கள். "இது எங்கள் பள்ளிக்கூடத்து மைதானம்" என்கிறார் தலைமை ஆசிரியர். "இது எங்கள் ஊர் மைதானம்" என்கிறார்கள் பந்தாட்டக்காரர்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் மைதானத்தைப் பங்கு போடுவது நல்லதா, கெட்டதா? பள்ளிக்குத் தனி மைதானம், பந்துக்குத் தனி மைதானம் என்று பிரித்துவிட்டால் என்ன?

பிரிப்பதற்கு முதலில் இடம் வேண்டும் அல்லவா!

இடம் எங்கே?

கன்னியாகுமரி மாவட்டம் சின்ன மாவட்டம். மொத்தப் பரப்பு சுமார் 1,680 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஏறத்தாழ 30 சதவீதம் காடு. மீதி இடத்தில் வயல், தோப்பு, குளம், மலை, கடற்கரை எல்லாம் அடங்க வேண்டும். வீடுகளும் அதற்குள்தான்.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்குப்படி இங்கே வாழ்ந்தவர்கள் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல்! தமிழ்நாட்டின் சராசரி 555. அதாவது, இங்கே நெரிசல் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் சென்னையை விட்டால் அடுத்த இடம் குமரிக்குத்தான்.

இனி கால்பந்து மைதானத்தின் கணக்கைப் பார்ப்போம். பெரிய போட்டிகளுக்கு உரிய மைதானத்தின் நீளம் 105 மீட்டர். அகலம் 68 மீட்டர். செண்டுக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 176 செண்டு. ஐந்து செண்டு வீட்டு மனை என்று வைத்துக்கொண்டால், 35 மனை போடலாம்!

சுற்றிலும் 400 மீட்டர் ஓட்டப் பாதையும் வேண்டும் என்றால், ஏறத்தாழ நாலு ஏக்கர் தேவை. குமரியின் டவுன் ஒன்றில் நாலு ஏக்கர் வெறும் நிலம் வாங்க யாரால் முடியும்? சர்க்காருக்கே அது பெரிய காரியம்.

ஆகவே, ஊருக்குள் மிஞ்சியிருக்கும் பெரிய வெட்டவெளி பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானம்தான். பந்தாட்டம் அங்கே போய்ச் சேர்ந்தது ஆசையால் மட்டும் அல்ல. வேறு வழி இல்லாததாலும்தான்.

நாகர்கோவிலின் இரண்டு மைதானங்கள்

மாவட்டத்தின் தலைநகரான நாகர்கோவிலையே எடுத்துக்கொள்வோம். அங்கே அறிஞர் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. மாவட்ட அளவிலான போட்டிகளும், குடியரசு தின அணிவகுப்பும் நடக்கும் இடம் அது.

நகரின் நடுவே இன்னொரு மைதானம் உண்டு. சேதுலட்சுமிபாய் அரசு மேல்நிலைப் பள்ளியின் மைதானம். "எஸ்.எல்.பி. கிரவுண்டு" என்றால் குழந்தைக்கும் தெரியும். 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூர் ராஜ்யத்தை ஆண்ட மகாராணி சேதுலட்சுமிபாயின் பெயரைத் தாங்கிய பள்ளி இது. அந்தக் காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது.

எஸ்.எல்.பி. கிரவுண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே பயன்படுவதில்லை. புத்தகத் திருவிழாவும் அங்கே நடந்திருக்கிறது. 

நாகர்கோவிலுக்காவது இரண்டு மைதானங்கள் உண்டு. சின்ன ஊர்களுக்கு? அங்கே பள்ளிக்கூட மைதானமே ஸ்டேடியம். மேற்குக் கடற்கரையில் தூத்தூர் பக்கத்துப் பையன் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வர வேண்டுமானால், சாலை வழியாக 40 கிலோமீட்டர் அளவுக்கு வர வேண்டும். பள்ளி விட்ட பிறகு பஸ் ஏறி வந்து, பயிற்சி முடித்து, எப்போது வீடு போய்ச் சேருவது?

கடற்கரையின் பந்து

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை. இந்த ஊர்களுக்கு இரண்டு பெருமை உண்டு. ஒன்று, ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் துணிச்சல். மற்றொன்று, கால்பந்து.

இரவிபுத்தன்துறையில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியில் ஆடிப் பெயர் வாங்கினார். பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அங்கிருந்து கொல்கத்தாவுக்குப் போனார். 2019-ஆம் ஆண்டில் இந்திய நாட்டின் அணியிலேயே ஆடினார்! அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் கால்பந்து வீரர்தான். ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து இரண்டு சகோதரர்கள் நாட்டின் பெரிய போட்டிகளுக்குப் போயிருக்கிறார்கள்.

பந்தாட்டம் இங்கே வெறும் பொழுதுபோக்கு அல்ல. அது ஒரு வாழ்க்கைப் பாதை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரெயில்வேயிலும் பாங்கிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கிடைப்பது பல காலமாக நடந்து வருவது.

2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. இந்தக் கரையில் பல குடும்பங்கள் தகப்பனையும் மகனையும் இழந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையனுக்குப் பந்து ஒரு வேலையை வாங்கித் தருமானால், அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அந்தப் பையன் பந்து உதைக்க முதலில் ஓர் இடம் வேண்டும். அதுதான் இங்கே கேள்வி.

பந்து பிறந்ததே பள்ளியில்!

"பள்ளிக்கூடத்தில் பந்தாட்டக்காரர்களுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பது உண்டு. கால்பந்தின் கதை தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் கால்பந்தை வளர்த்தவை பள்ளிக்கூடங்களே. ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விதி. ஒரு பள்ளியில் பந்தைக் கையால் பிடிக்கலாம். மற்றொன்றில் பிடிக்கக் கூடாது. இரண்டு பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஆடினால் சண்டைதான்! 1848-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பல பள்ளிகளின் பழைய மாணவர்கள் உட்கார்ந்து ஒரு பொது விதியை எழுதினார்கள். 1863-ஆம் ஆண்டில் லண்டனில் கால்பந்துச் சங்கம் பிறந்தது. இன்று உலகம் ஆடும் ஆட்டம் அதிலிருந்து வந்ததே.

இந்தியாவிலும் அப்படித்தான். 1877-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய பந்து தன் பக்கம் உருண்டு வந்ததும் அதைத் திருப்பி உதைத்தான். பிறகு தன்னுடைய ஹேர் பள்ளிக்கூடத்து நண்பர்களிடம் காசு சேர்த்துப் பந்து வாங்கினான் என்று சொல்லப்படுகிறது. இந்தியர்களின் கால்பந்து அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கியது.

காஷ்மீரத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1891-ஆம் ஆண்டில் டிண்டேல்-பிஸ்கோ என்ற பாதிரியார் ஸ்ரீநகரில் தம் பள்ளிக்குத் தோல் பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். "தோலைத் தொட மாட்டோம், தீட்டு!" என்றார்கள் மாணவர்கள். ஆட்டத்தின் நடுவே பந்து ஒருவன் முகத்தில் பட்டுவிட்டது. அவன் அழுதான். "போய் முகத்தைக் கழுவிக்கொள்" என்று சொல்லி அனுப்பினார் பாதிரியார். கழுவிவிட்டு வந்ததும் ஆட்டம் தொடர்ந்தது!

ஆக, பந்தும் பள்ளியும் பகையாளிகள் அல்ல. தாயும் பிள்ளையும் போன்றவை.

சண்டை எங்கே வருகிறது?

அப்படியானால் தகராறு ஏன்?

காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வருகிறார்கள். ஒன்பது மணி முதல் நாலு மணி வரை பள்ளிக்கூடம். மாலையில் பந்தாட்டம். விடுமுறை நாளில் போட்டி. இடையிடையே பொதுக்கூட்டம், பொருட்காட்சி, விழா. எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். பராமரிப்பது யார்?

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பது பழமொழி. பொது மைதானத்தின் கதை பல ஊர்களில் இதுதான்.

பந்தல் போடக் குழி தோண்டுகிறார்கள். விழா முடிந்ததும் பந்தல் போய்விடுகிறது, குழி போவதில்லை! மறுநாள் ஓடி வரும் பையனின் கால் அதில் சிக்கினால், கணுக்கால் சுளுக்கும். முழங்கால் மூட்டு நாரே அறுந்துபோகலாம். அவனுடைய பந்தாட்டம் அத்தோடு முடிந்தாலும் முடியும்.

ஈர மண்ணில் லாரி ஏறினால் சக்கரத் தடம் பள்ளமாகிறது. வெயில் வந்ததும் அது கல்லாக இறுகுகிறது. இரவில் யாரோ குடித்துவிட்டுப் போட்ட பாட்டில், காலையில் முதல் வகுப்புக் குழந்தையின் காலைக் குத்துகிறது. அதற்குப் பந்தாட்டக்காரர்கள் காரணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழி அவர்கள் மேல்தான் விழும். தலைமை ஆசிரியர் வாசலைப் பூட்டச் சொல்லுவார். அவரைக் குறை கூற முடியுமா? பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் பெற்றோர் அவரைத்தானே கேட்பார்கள்!

பூட்டினால் பையன்கள் மதில் ஏறிக் குதிப்பார்கள். மதில் இடியும். சண்டை வளரும். இதுதான் பல ஊர்களில் நடக்கும் கதை.

மண்ணும் களைக்கும்

இன்னொரு விஷயமும் உண்டு. வயலுக்கு ஓய்வு கொடுப்பது போல மைதானத்துக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும்.

குமரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. புல் வளர இது நல்ல வசதி. ஆனால் தண்ணீர் தேங்கிய மைதானத்தில் ஆடினால், புல்லின் வேர் பிய்ந்துவிடும். மண் மிதிபட்டு இறுகிவிடும். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே தேங்கும். ஒரு பக்கம் சிறிது சரிவும், ஓரத்தில் ஓடையும் இருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

"செயற்கைப் புல் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். போடலாம். ஆனால் அதற்குப் பெரும் பணம் வேண்டும். வெயிலில் அது கொதிக்கும். பொதுவாகப் பத்து ஆண்டு வாக்கில் அதைப் பிய்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டி வரும். அதில் தூவும் ரப்பர் துகள் மண்ணிலும் நீரிலும் கலக்கிறது என்பதால், ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2023-ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்தது. மாற்று ஏற்பாடு செய்துகொள்ள எட்டு ஆண்டு அவகாசமும் கொடுத்திருக்கிறது.

மணிக்கு இவ்வளவு!

இப்போது ஊருக்கு ஊர் "டர்ஃப்" என்ற பெயரில் தனியார் மைதானங்கள் வந்துவிட்டன. செயற்கைப் புல், சுற்றிலும் வலை, இரவில் பளபளவென்று விளக்கு. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்க வேண்டும்.

சம்பாதிக்கும் வாலிபர்கள் பத்துப் பேர் சேர்ந்து கொடுத்துவிடுவார்கள். வள்ளத்தில் வேலை செய்பவரின் மகன் என்ன செய்வான்? ரப்பர் பால் வெட்டுபவரின் மகள் என்ன செய்வாள்?

பள்ளிக்கூட மைதானம் பூட்டப்பட்டால் பந்தாட்டம் அடியோடு நின்றுவிடாது. காசு உள்ளவர்களின் ஆட்டமாக மாறிவிடும். மைதானம் போனால் உண்மையான நஷ்டம் ஏழைப் பிள்ளைக்குத்தான்.

பெண் பிள்ளைகள் எங்கே?

இந்தத் தகராறில் யாரும் கவனிக்காத ஒரு கூட்டம் உண்டு. அது பெண் பிள்ளைகள்.

மாலையில் மைதானம் முழுவதும் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களால் ஆட முடியாது என்பதாலா? இல்லை! தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ஆம் ஆண்டில் மணிப்பூரை வென்று பட்டம் பெற்றது. 2023-ஆம் ஆண்டில் மறுபடியும் வென்றது. மதுரையின் சேது அணி 2019-ஆம் ஆண்டில் இந்தியப் பெண்கள் லீக் போட்டியில் முதலிடம் பிடித்தது.

இங்கே பெண்களுக்குக் குறைவது திறமை அல்ல. ஒரு மணி நேரம், ஒரு விளக்கு, சுத்தமான ஒரு கழிப்பிடம் இவைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றில் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அதன் அளவு எவ்வளவு என்று சொல்லவில்லை. அதனால் கைக்குட்டை அளவு இடத்தைக் காட்டி "இதுதான் மைதானம்" என்று சொல்லிவிட முடிகிறது.

பக்கத்துக் கேரளத்தில் ஒரு பள்ளியின் மைதானத்தில் ஊராட்சி குடிநீர்த் தொட்டி கட்ட முடிவு செய்தது. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கு மைதானம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அரசாங்கம் வரையறுக்க வேண்டும். மைதானம் இல்லாத பள்ளிகளை மூடவும் தயங்கக் கூடாது என்று கோர்ட்டு சொன்னது.

குடிநீர்த் தொட்டி கெட்ட காரியமா? இல்லை. நல்ல காரியம்தான். மைதானத்தை விழுங்க வருவது எப்போதும் ஒரு நல்ல காரியத்தின் பெயரில்தான் வரும்! ஒரு புதுக் கட்டிடம், ஓர் அலுவலகம், ஒரு வாகன நிறுத்துமிடம். பத்து செண்டு, இருபது செண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பந்தாட்டக்காரர்களும் பெற்றோரும் ஒன்றாக நின்றால், அப்படிப் போகும் இடத்தைக் காக்கலாம். அவர்களே சண்டை போட்டுக்கொண்டால், இருவருக்கும் இடம் இருக்காது.

ஜப்பான் காட்டும் வழி

ஜப்பானும் குமரியைப் போலத்தான். மலை அதிகம், சமநிலம் குறைவு. அந்த நாடு 1961-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தது. படிப்புக்கு இடைஞ்சல் இல்லாத அளவில், பள்ளி மைதானங்களைப் பொதுமக்களின் விளையாட்டுக்குத் திறந்துவிட முயற்சி செய்ய வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. 2011-ஆம் ஆண்டில் வந்த புதுச் சட்டத்திலும் அது நிலைத்திருக்கிறது.

அங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொதுமக்கள் ஆடும் நேரத்தில் பொறுப்பு தலைமை ஆசிரியர் தலையில் விழுவதில்லை. ஊரின் கல்விக் குழு அந்தப் பொறுப்பை ஏற்கிறது. ஆடுகிறவர்கள் பெயர் பதிவு செய்துகொள்கிறார்கள். ஆசிரியருக்குப் பயம் இல்லை. ஆகவே பூட்டும் இல்லை!

முறைத் தண்ணீர்

ஜப்பான் வரை போக வேண்டாம். நாஞ்சில் நாட்டு விவசாயிக்கே இந்த வித்தை தெரியும்.

1906-ஆம் ஆண்டில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. ஒரே அணை, ஆயிரக்கணக்கான வயல்கள். தண்ணீர் குறைந்தால் என்ன செய்வார்கள்? முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இன்ன நாள் இன்ன மடை என்று கணக்கு உண்டு. கடைமடைக்காரனுக்கும் அவன் பங்கு போய்ச் சேர வேண்டும் என்பது நியாயம். கால்வாயைத் தூர் வாருவது எல்லாருடைய வேலை.

தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு மைதானத்துக்கு முறை வைக்கத் தெரியாதா?

பள்ளி நேரம் முழுவதும் பிள்ளைகளுக்கே. அதில் யாரும் தலையிடக் கூடாது. பள்ளி விட்டதும் முதல் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும். மைதானத்தின் கடைமடை அவர்கள்தான். அதன் பிறகு பந்தாட்டக்காரர்கள். வாரத்தில் ஒரு நாள் மண்ணுக்கு ஓய்வு. இந்த நேரங்களை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டிவிடலாம்.

விழா நடத்துகிறவர்கள் முன்பணம் கட்ட வேண்டும். குழியை மூடி, குப்பையை வாரிய பிறகே பணம் திரும்பக் கிடைக்கும். சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் பெயர் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைமை ஆசிரியர், பெற்றோர், பந்தாட்டக்காரர்கள், உள்ளாட்சி உறுப்பினர் என்று நாலு தரப்பும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும். இதற்குக் கோடி ரூபாய் தேவை இல்லை. ஒரு பலகையும், ஒரு நோட்டுப் புத்தகமும், கொஞ்சம் மனசும் தேவை.

மாலையில் ஆட வரும் இளைஞன் யார்? பெரும்பாலும் அதே பள்ளியில் படித்தவன். காலையில் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளை யார்? நாளைக்கு அதே மைதானத்தில் பந்து உதைக்கப் போகிறவன், உதைக்கப் போகிறவள். இரண்டு சொந்தக்காரர்கள் என்று சொன்னோமே, அது தவறு. சொந்தக்காரர் ஒருவரே. வயதுதான் வேறு.